முடுக்கு வழக்கின் தூண்

உப்போடை முன்சீப் கோர்ட்டின் வராந்தா அந்த வருஷம் சித்திரையில் சங்கரவடிவின் டீக்கடைக்கு ஒரே ஒரு தூண் தூரத்தில் வந்து நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான், அதற்குமேல் ஒரு சாண் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது, ஏனென்றால் அந்தச் சித்திரையில் ஊரில் யாருக்கும் யாரோடும் புதிதாகச் சண்டை வரவில்லை. நல்ல விஷயம்தானே என்பீர்கள். உச்சிவெயிலில் அடுப்பு முன்னால் நின்று பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் நல்ல விஷயமா கெட்ட விஷயமா என்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனமெல்லாம் வராந்தாவின் கடைசி நிழலில் ஆட்டு மந்தை மாதிரி ஒண்டிக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி வெட்டவெளியில் வடிவு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒருத்தன் அந்தப் பத்தடியைத் தாண்டி டீக்குடிக்க வரமாட்டான். பக்கத்திலேயே தையல் மெஷின் போட்டிருந்த அவள் தம்பி சொரிமுத்துவுக்கும் அதே கதிதான். மெஷினின் இரும்புச் சக்கரம் பழுக்கக் காய்ந்துவிடும், கையில் வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் அதைத் தொடுவான்.

கோர்ட் வராந்தா எதற்கு நகரவேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது உண்டு. அவர்கள் ஊரில் நகராது போலிருக்கிறது, பாவம். உப்போடையில் அது ஆதியிலிருந்தே அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மெக்கின்டயர் என்று ஒரு துரை வந்து கட்டினது அந்தக் கோர்ட்டு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ரசித்துத்தான் கட்டியிருந்தார்: ரத்தச் சிவப்பில் சுட்ட செங்கல், கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டிப் பாகும் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து, பர்மாத் தேக்கில் உத்தரம், அண்ணாந்து பார்த்தால் துண்டு நழுவி விழுகிற உசரத்தில் கூரை, வளைவு வைத்த ஜன்னல்கள், முன்சீப் உட்கார மேடை, மேடைக்குப் பக்கத்தில் கடைசல் பிடித்த கால்களோடு சாட்சிக்கூண்டு, கூரையிலிருந்து பங்கா விசிறி தொங்கவிட இரும்பு வளையம். எல்லாம் முன்சீப்புக்கும் வக்கீலுக்கும். வழக்கென்று வருகிறவன் எங்கே நிற்பான் என்று துரைக்குத் தோன்றவில்லையோ, இல்லை தோன்றுகிற நேரத்தில் சர்க்கார் கையை விரித்துவிட்டதோ, முன்னால் எட்டுத் தூணோடு ஒரு குட்டி வராந்தாவைப் போட்டு முடித்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்.

கோர்ட் திறந்த வருஷமே, ஒரு பனைமரத்துக்காக வழக்காடின இரண்டு பங்காளிகள், கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று வாசலில் நின்று நின்று, வாதி முதலிலும் பிரதிவாதி பின்னாலுமாக வெயிலில் மயங்கி விழுந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன முன்சீப் திரும்பி வந்தபோது ஒன்பதாவதாக ஒரு தூண் நின்றுகொண்டிருந்தது. அதே செங்கல், அதே சாந்து, தலைக்குமேல் அதே கூரை, அதன் நிழலில் கிழக்குப் பக்கம் வாதியும் மேற்குப் பக்கம் பிரதிவாதியும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்சீப் தூணைத் தொட்டுப் பார்த்தார். ஈரச் சுண்ணாம்பு கையில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார், வேறென்ன செய்வார்?

அதிலிருந்து வழக்கு ஒன்று பதிவானால் தூண் ஒன்று முளைக்கும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒருவரும் பாராதபோது. வழக்கு முடிந்தால் தூண் போய்விடும். பின்னால் இருக்கிற தூண்கள், பஸ் சீட்டில் ஒருத்தர் எழுந்து போனால் மற்றவர்கள் நகர்ந்து உட்காருகிற மாதிரி நகர்ந்து நெருங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தூண் கொஞ்சம் பருக்கும், ஆகையால் பெரிய வழக்கு எது சின்ன வழக்கு எது என்று யாரும் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை, கட்டிப்பிடித்துப் பார்த்தால் போதும். பொதுப்பணித்துறைக்காரர்கள் ஒரு தடவை அளக்க வந்து, காலையில் ஒரு அளவும் சாயங்காலம் ஒரு அளவும் வரவே, வரைபடத்தில் ‘வராந்தாவின் நீளம்: நிலுவைக்குத் தக்கபடி’ என்று எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வெள்ளையடிக்கிற கான்ட்ராக்டர் மட்டும் கொஞ்சம் விவரம். ஒருநாளில் நூறு வழக்கை ராஜி பண்ணிவைக்கிற லோக் அதாலத் முடிந்த மறுநாளாகப் பார்த்துச் சுண்ணாம்பு வாளியோடு வந்து நிற்பார்.

ஊர்க்காரர்கள் அந்த வராந்தாவில்தான் வாழ்ந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ‘வயக்காட்டு வரப்பு வழக்குத் தூணுக்கிட்ட நில்லு, வந்துருதேன்’ என்றுதான் ஒருத்தருக்கொருத்தர் இடம் சொல்லிக்கொள்வார்கள். பூக்கடை அங்கே, சவரக்கடை அங்கே, மாப்பிள்ளை பார்ப்பது அங்கே. கட்டுப்பாடும் உண்டு. வாய்தா அன்றைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வேலைவெட்டியை விட்டுவிட்டு அவரவர் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும். தூணுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கம் யாரும் கொண்டுவரக் கூடாது; கொண்டுவந்தால் சாட்சியைக் கலைத்தவன் என்று பேராகி, அந்த ஆளுக்கு அப்புறம் ஊரில் பெண் கிடைக்காது.

இப்படியிருக்க, ஊரில் சண்டை குறைந்துபோய் நிழல் பற்றாத காலங்களில் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நிழல் வழக்கு என்று பேர். ஒத்துமையாக இருக்கிற இரண்டு பேர் எதையாவது ஒன்றைச் சாக்காக வைத்துப் பொய்யாக ஒரு வழக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு நிழல் வேண்டுமென்று டாக்டரும் கம்பவுண்டரும் ஒரு நாற்காலிக்காக வருஷக்கணக்கில் வழக்காடினார்கள், வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் வருவார்கள். இதில் யாருக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தது கிடையாது. ஏன் வரவில்லை என்றால், கோர்ட்டில் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் ஒருத்தரும் படித்துப் பார்த்தது கிடையாது.

“எலே சொரிமுத்து, நாம ரெண்டு பேரும் ஒரு கேஸ் போட்டா என்னல?” என்று சங்கரவடிவுதான் முதலில் கேட்டாள்.

“போடலாம் யக்கா. எதுக்குன்னு போடுறது? நமக்குள்ள என்ன கெடக்கு?”

அதுதானே, என்ன கிடந்தது? அம்மா போய்ச் சேர்ந்தபோது வடிவுக்குப் பதினோரு வயசு, சொரிமுத்து பல் முளைக்காத பிள்ளை. அன்றைக்கு இடுப்பில் தூக்கி வைத்தவள். அவனை இறக்கிவிட்டது அவனுக்குத் தையல் பழகிக்கொடுக்கக் கொண்டுபோய் விட்ட அன்றைக்குத்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் புருஷன் கண்ணை மூடினபிறகும் அக்காளும் தம்பியும் அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாகத் தடுத்து ஆளுக்கொரு பாதியில் இருந்தார்கள். சண்டைக்கு ஒன்றும் கிடைக்காமல் ஒரு முழு மத்தியானம் யோசித்து, கடைசியில் இரண்டு பாதிக்கும் நடுவில் கட்டில் அகலத்துக்கு ஓடுகிற முடுக்கு ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சந்து யாருக்கு? “எனக்குத்தாம்ல” என்றாள் வடிவு. “அதெப்படி, எனக்குத்தான்” என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ வடிகட்டி கீழே விழுந்தது.

வக்கீல் குற்றாலலிங்கம் பிராது எழுதித் தாக்கல் செய்தார். அன்றைக்கு மத்தியானமே, டீ அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், கணக்காக அளந்து வைத்தாற்போல, மூங்கில் பருமனில் ஒரு தூண் முளைத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டது. கிழக்கே வடிவின் அடுப்பு, மேற்கே சொரிமுத்துவின் மெஷின். அதற்கப்புறம் பஸ் ரோடு என்பதால் அதுதான் வராந்தாவின் கடைசித் தூண். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் நிழலோடு சேர்ந்து நகர்ந்து கடைக்கு வந்தது. ஆளுக்கொரு வடை அன்றைக்குச் சும்மா கொடுத்தாள் வடிவு. அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

“வக்கீலய்யா, என் பேரு சர்க்கார் காயிதத்துல ஏறியிருக்கதே இதான் மொத தடவ. சத்தமா ஒரு தடவ படிங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

குற்றாலலிங்கம் நல்ல மனுஷர், சபை கிடைத்தால் விடமாட்டார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கணீரென்று படித்தார். வாதி பிரதிவாதியின் உடன்பிறந்த மூத்த சகோதரி என்பதும், மேற்படி முடுக்கு வாதிக்கே பாத்தியப்பட்டது என்பதும் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம், ‘மேற்படி பிரதிவாதியோ பேராசையும் துர்க்குணமும் மேலிட்டு, தன்னை வளர்த்த வாதிக்குத் துரோகம் செய்யும் கெட்ட எண்ணத்துடன்’ என்று வந்தது. தூணுக்கு அந்தப்புறம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. வழக்கமாக எழுதுகிற வாசகம்தான் அது, எல்லாப் பிராதிலும் எல்லாப் பிரதிவாதிக்கும் பேராசை உண்டு, துர்க்குணம் உண்டு. ஆனால் சொரிமுத்துவுக்கு அது எப்படித் தெரியும்? அவன் வாழ்க்கையில் அவனைப் பற்றி யாரும் எழுதினதும் அதுதான் முதல் தடவை.

 அவன் எழுந்து நேரே தனக்கென்று ஒரு வக்கீலைத் தேடிப் போனான், “நீங்களும் எழுதுங்கய்யா” என்றான், அவரும் எழுதினார். அந்தப் பதில் மனு வந்து சேர்ந்த அன்றைக்கு, இதையும் படிக்கவேண்டும் என்று டீக்குடிக்கிற சனம் அடம்பிடித்தது, குற்றாலலிங்கமே படித்தார். ‘பிராதின் முதல் பத்தியில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்யானவை, கற்பனையானவை. வாதி இந்தப் பிரதிவாதியின் உடன்பிறந்த சகோதரி என்பதையும், இவரை வளர்த்தார் என்பதையும் இந்தப் பிரதிவாதி அடியோடு மறுக்கிறார்.’

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வடிவு அதை இறக்கவில்லை.

“அதத் திருப்பிப் படிங்க.”

படித்தார்.

“அப்ப நான் யாரு?”

“அட, இது எல்லாரும் எழுதுறதுதான் வடிவு,” என்றார் குற்றாலலிங்கம், குரல் இறங்கிப்போய். “பிராதுல உள்ளதுல ஒண்ண மறுக்காம விட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தமாயிரும். அதனால மொத வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சா மறுத்துருவோம். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.”

“கீழ கையெழுத்து யாரு போட்டது?”

“அவன்தான்.”

“அவனுக்கு எழுதப்படிக்கத் தெரியும்லா? நாந்தான பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்?”

தூணுக்கு அந்தப்புறமிருந்து, யாரிடமோ சொல்வதுபோல, சொரிமுத்துவின் சத்தம் வந்தது: “துர்க்குணம்னு எழுதினதுக்குக் கீழ ரேகை வச்சது யாருன்னு கேளுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. “எனக்கு முடுக்கும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், அவன் வாயால யக்கான்னு ஒரு தடவ சொல்லட்டும், கேச முடிச்சுக்கிடுதேன்” என்று வடிவு வக்கீலிடம் சொன்னாள். “மொதல்ல அவ எழுதினத வாபஸ் வாங்கட்டும்” என்று அவன் அவனுடைய வக்கீலிடம் சொன்னான். வக்கீல்கள் இரண்டு பேரும் மச்சினன்மார்கள், சாயங்காலம் ஒன்றாக நடை போகும்போது இதைப் பேசி வருத்தப்பட்டுக்கொள்வார்கள், மறுநாள் வந்து வாய்தா வாங்குவார்கள். முன்சீப்புகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். நிழல் வழக்காக முளைத்த தூண் நிஜ வழக்காகி, மூங்கில் பருமன் பனைப் பருமனாயிற்று.

சொரிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அழைப்பிதழில் தமக்கை என்று அவள் பேரைப் போட்டால் அது சாட்சியமாகிக் கோர்ட்டில் வந்து நிற்கும் என்று அவன் வக்கீல் பயமுறுத்திவிட்டார். பேர் இல்லாத அழைப்பிதழ் ஊரெல்லாம் போயிற்று. வடிவு அன்றைக்கும் கடையைத் திறந்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வராந்தா வழியாக வந்தபோது மேளக்காரர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள், காசு வாங்கவில்லை, குனிந்த தலை நிமிரவில்லை. கல்யாணத்தோடு அவன் வீட்டில் தன் பாதியைப் பூட்டிவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோனான். அவள் மகள் செண்பகம் பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்யவேண்டும். சீர் செய்தால் மாமன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். செய்யவில்லை. ஆனால் சடங்கு அன்றைக்குக் காலையில் தூணில் அடித்திருந்த ஆணியில், கிழக்குப் பக்கமும் இல்லாமல் மேற்குப் பக்கமும் இல்லாமல், ஒரு பட்டுப் பாவாடை சட்டை தொங்கியது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தையலைத் திருப்பிப் பார்த்தாள் வடிவு, உள்பக்கம் பிள்ளை வளர்ந்தால் பிரித்து விட்டுத் தைக்க இரண்டு விரல்கடை துணி மடித்து வைத்திருந்தது. அவன் கைதான். மகளுக்கு அதைப் போட்டுவிட்டு அடுப்புப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி ஒரு பாடு அழுதாள். அந்த அழுகைக்கும் ஒரு வாய்தா வந்தது, தூண் இன்னும் பருத்தது.

எட்டிப் பார்க்க வீம்பு விடவில்லை, எத்தனையோ வருஷம் அவளுக்கு அந்த மெஷின் சத்தமே துணை. தூணுக்கு அந்தப்புறம் டகடகவென்று ஓடும், நூல் அறுந்தால் நிற்கும், அவன் இருமுவான், மறுபடி ஓடும். அந்தச் சத்தத்திலேயே அவனுக்குப் பசியா கோபமா என்று சொல்லிவிடுவாள். ஆனால் தூண் சும்மா இருந்தால்தானே? மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம் என்கிற பருமனுக்கு வந்துவிட்டது. சனத்துக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம், ரெண்டு பஸ் கூட்டம் நிற்கிற நிழல் அது. வடிவுக்குத்தான் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் இருமல் கேட்காமல் போயிற்று, அப்புறம் ஊசிச் சத்தம், அப்புறம் காதைத் தூணில் ஒட்டவைத்தால் மட்டும் லேசாக ஒரு அதிர்வு. கடைசியில் அதுவுமில்லை, குளிர்ந்த சுண்ணாம்பு மட்டும்தான்.

ஒரு கார்த்திகை மாதம், வெளியூர்க்காரர் ஒருத்தர், காதறுந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கு வந்தவர், ஊர்க் கட்டுப்பாடு தெரியாமல் வாய்விட்டார்:

“அந்தப் பக்கம் டெய்லர் கடை ரொம்ப நாளா பூட்டிக் கெடக்காம்லம்மா? நெஞ்சுவலின்னு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம். பக்கத்துல வேற டெய்லர் உண்டா?”

வடிவு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றினாள், ஆற்றினாள், டீ ஆறி அவலாகிப்போயிற்று. அவனைக் கொண்டுபோனது அவளுக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் காதை ஒட்டவைத்துக்கொண்டு, இருக்கிறான் இருக்கிறான் என்று வெறும் தூணுக்கா காவல் இருந்தாள்? அவன் செத்தே போயிருந்தாலும், பிரதிவாதி இறந்துவிட்டபடியால் வாரிசுகளைச் சேர்க்கவேண்டும் என்று கோர்ட்டில் ஒரு மனு போடுவார்கள், அதை வக்கீல் கொண்டுவந்து படித்துக் காட்டுவார், அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.  அடுப்பை அணைத்துவிட்டு, அந்த வெளியூர்க்காரர் டீக்குக் கொடுத்த காசையும் வாங்காமல், குற்றாலலிங்கம் வீட்டுக்கு நடந்தாள்.

“கேச வாபஸ் வாங்கிருங்கய்யா.”

“அவசரப்படாத வடிவு. இப்ப வந்திருக்க ஜெபமலர் அம்மா நல்ல முன்சீப். விசாரணைக்கு எடுக்கப்போறாங்க. வாபஸ் வாங்கினியானா அவன் எழுதினது எழுதினபடி நின்னுபோயிரும். நீ அவனுக்கு அக்கா இல்லைங்கிறது கட்டுல கெடக்கும், காலத்துக்கும்.”

“கெடக்கட்டும்.”

“இத்தன வருஷம் அந்த ஒரு சொல்லுக்குத்தான உக்காந்திருந்த?”

“ஆமா. உக்காந்து உக்காந்து தூணத்தான் பெருக்க வச்சேன்.”

சேதி பரவி, பஸ்ஸுக்கு நிற்கிற சனம் தூதுவந்தது. “வடிவக்கா, மழை போயி வெயில் வரப்போகுது, இந்தக் கோடை மட்டும் கேச வச்சிரும்” என்று கெஞ்சினார்கள். “பிள்ளத்தாச்சிக நிக்க இடம் அது” என்றார்கள். நாங்கள் வேறு இரண்டு பேரைப் பிடித்து நிழல் வழக்குப் போடுகிறோம், அதுவரைக்குமாவது என்றார்கள். வடிவு ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு டீயைக் கொடுத்து, “குடிச்சிட்டுப் போயி உங்க தூண நீங்களே வளத்துக்கோங்க” என்று அனுப்பிவிட்டாள்.

வாய்தா நாள் வந்தது. வடிவு கடையைச் சாத்திவிட்டு முறைப்படி கிழக்குப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். மேற்குப் பக்கம் அவன் வந்திருக்கிறானா இல்லையா, எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. வந்திருக்காவிட்டால் என்ன செய்வாள்? டபேதார் மாசானம் வாசலுக்கு வந்து, ஊர் அதிருகிற குரலில், சங்கரவடிவு, சங்கரவடிவு, சங்கரவடிவு என்று மூன்று தரம் கூப்பிட்டார். அப்புறம் சொரிமுத்துவை மூன்று தரம் கூப்பிட்டார். வடிவு எழுந்து உள்ளே போனாள்.

“பிரதிவாதி எங்கே?” என்று கேட்டார் ஜெபமலர் அம்மா.

“வந்துருக்காருங்கம்மா,” என்றார் மாசானம். “ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்துருக்காரு. எந்திரிச்சு நிக்கத் தெம்பில்ல, தூணுல சாஞ்சிருக்காரு.”

வந்திருக்கிறான். வடிவு கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

முன்சீப் அம்மா கட்டைப் புரட்டினார். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி. “வாபஸ்னு மனு போட்டிருக்கீங்க. யாராவது மிரட்டினாங்களா?”

“இல்லம்மா.”

“நீங்க அவருக்கு அக்காவா இல்லையாங்கிறத இந்தக் கோர்ட்டு இனிமே சொல்லாது. மறுபடியும் இதே வழக்கக் கொண்டு வரவும் முடியாது. தெரிஞ்சுதான் கேக்கீங்களா?”

“தெரியும்மா. கோர்ட்டு சொல்லாட்டா போகுது. அவனும் சொல்லாட்டா போகுது. எனக்கு அந்தப்புறம் இருமுறது கேட்டாப் போதும்.”

ஜெபமலர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவர் துடைக்க அதில் தூசி ஒன்றுமில்லை. “போய் உக்காருங்கம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம் உத்தரவுல கையெழுத்துப் போடுறேன்.”

வடிவு திரும்பி வந்து கிழக்குப் பக்கம் உட்கார்ந்தாள். மேற்குப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான், துண்டைப் போர்த்திக்கொண்டு, அதே குளிர்ந்த சுண்ணாம்பில் முதுகை வைத்துக்கொண்டு. அவள் கேஸை வாபஸ் வாங்கின விஷயம் அவனுக்கு அப்போதுதான் அவன் வக்கீல் காதில் சொல்லித் தெரிந்தது. தெரிந்தபிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. தூண் முளைப்பதையும் போவதையும் உப்போடையில் யாரும் கண்ணால் கண்டது கிடையாது, எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் சாப்பிடப் போகவில்லை, நிழல் போகப்போகிறதே என்று கடைசியாக ஒரு தடவை நிற்க ஊரே அங்கே வந்து நின்றது.

உள்ளே முன்சீப் அம்மா மோர்சாதத்தை முடித்து, கை கழுவி, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

சத்தமில்லை, தூசியில்லை. தூண் இல்லை, அவ்வளவுதான். கூரையும் இல்லை, கார்த்திகை வெயில் சுள்ளென்று விழுந்தது. சாய்ந்திருந்த அக்காளும் தம்பியும் சாய்ந்த வாக்கில் மல்லாக்க விழுந்தார்கள், தூண் இருந்த இடத்துக்கு நட்டநடுவில் தலையும் தலையும் ணங்கென்று முட்டியது.

 வடிவுக்குக் கண்ணில் பொறி பறந்தது. பொறி அடங்கினபிறகு, தலைகீழாக, வெயிலில் கூசிக்கொண்டு, ஒரு முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, மீசை நரைத்து, எப்போது நரைத்ததோ, அவளுக்குத் தெரியாமல். மண்டையைப் பிடித்துக்கொண்டு அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். பதறிப்போயிருந்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்தது, வீம்பு, வருஷங்கள், ஒன்றும் அந்தப் பதற்றத்தில் அவன் கிட்டவே வரவில்லை.

“யக்கா, யக்கா, இன்னொரு தடவ முட்டு, சீக்கிரம்! ஒத்த முட்டு முட்டினா கொம்பு மொளச்சிரும்!”

சங்கரவடிவு எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அவன் இரண்டு காதையும் பிடித்து, நரைத்த தலையைத் தன் பக்கம் இழுத்து, ஊர் பார்க்க, வெயில் பார்க்க, முட்டினாள். ஒரு தடவை போதும். அவள் நிறுத்தவில்லை.